ரீயூனியன் தீவு இந்துக்கள்: எந்தக் கணக்கிலும் வராதவர்கள்

ரீயூனியன் என்ற பெயர் மலேசியர்கள் பலர் காதில் முதன்முதலாக விழுந்தது 2015 ஜூலை கடைசியில்தான். காணாமல் போன மலேசிய விமானம் எம்எச்370-இன் இறக்கைத் துண்டு ஒன்று அந்தத் தீவின் கடற்கரையில் ஒதுங்கியது. டிவியைத் திறந்தால் அந்தத் தீவுதான். துண்டு கிடைத்த ஊரின் பெயர் செயிண்ட் ஆந்த்ரே. அது தமிழ் வம்சாவளியினர் நெருக்கமாக வாழும் ஊர், தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும் ஊர், பாஞ்சாலி கோயிலில் தீ மிதிக்கும் ஊர் என்று அந்தப் பரபரப்பில் எனக்குத் தெரிந்த யாரும் பேசவில்லை. இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. பினாங்கில் தைப்பூசம் நெருங்கினால் வாட்சப்பில் ரீயூனியன் காவடி வீடியோ ஒன்றாவது வந்துவிடுகிறது. கூடவே ஒரு கேள்வியும் வருகிறது: "இவங்க ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறாங்க, பேரு எல்லாம் மிஷேல், மரி, தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, அப்புறம் எப்படி இந்து?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்ல அந்த மக்களின் பக்தியை எடைபோட வேண்டியதில்லை, அவர்களை ஆண்ட சட்டத்தைப் பார்த்தால் போதும். அங்கே போனவர்களும் இங்கே வந்தவர்களும் ஏறக்குறைய ஒரே ஊர்க்காரர்கள், சாமிகளும் அதே சாமிகள். பிரான்ஸ் அவர்களை ஒரு விதமாகப் பதிவு செய்தது, பிரிட்டிஷ்காரன் நம்மை வேறு விதமாகப் பதிவு செய்தான். இன்று நமக்கும் அவர்களுக்கும் இடையே தெரிகிற வித்தியாசத்தில் பெரும்பங்கு அந்தப் பதிவில் வந்தது என்பது என் கருத்து.

முதலில் இடத்தைப் பற்றி. மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரிஷியஸுக்குப் பக்கத்தில் இருக்கும் எரிமலைத் தீவு. பரப்பு 2,512 சதுர கிலோமீட்டர், அதாவது பினாங்கு மாநிலத்தைப் போல இரண்டரை மடங்கு. மக்கள்தொகையோ ஒன்பது லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு, பினாங்கில் பாதிதான். 1946 மார்ச் 19 முதல் அது பிரான்ஸின் கடல்கடந்த மாவட்டம். காலனி என்று சொன்னால் சட்டப்படி தவறு. பாரீஸில் ஓடுகிற அதே சட்டம், அதே யூரோ, அதே பாஸ்போர்ட். மொரிஷியஸ் தனி நாடு, அங்கே இந்துக்கள் பெரும்பான்மைக்கு அருகில் இருக்கிறார்கள், ரூபாய் நோட்டிலேயே தமிழ் எழுத்து உண்டு, அதனால் நாம் அதை அடிக்கடி பேசுகிறோம். ரீயூனியனைப் பேசுவதில்லை, காரணம் அங்கே எதையும் எண்ணிக்கையாகக் காட்ட முடியாது. பிறகு அந்த எண்ணிக்கை விஷயத்துக்கு வருகிறேன்.

அடிமை முறை அங்கே ஒழிந்தது 1848 டிசம்பர் 20-இல். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும். 1820-களின் இறுதியிலேயே ஏனாமிலிருந்து ஒரு சிறு கூட்டத்தைக் கொண்டுபோய்ப் பார்த்திருந்தார்கள். 1848-க்குப் பிறகு பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாகக் கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். பிரெஞ்சுப் பகுதிகளில் ஆள் போதாமல் போனபோது 1860, 1861-இல் பிரிட்டனோடு ஒப்பந்தம் போட்டு பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் எடுத்தார்கள். ஐந்து வருட ஒப்பந்தம். தோட்டத்தில் நடந்த கொடுமைகள் பற்றிப் புகார் மேல் புகார் போய், 1877-இல் இரு நாட்டு விசாரணைக் குழு வந்து, கடைசியில் 1882-இல் இந்தியாவின் பிரிட்டிஷ் அரசு ஆள் அனுப்புவதையே நிறுத்தியது. பிரிட்டிஷ்காரனே "இது அநியாயம்" என்று நிறுத்தும் அளவுக்கு இருந்திருக்கிறது என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

அதே நேரத்தில் இங்கே பினாங்கு மாநிலத்தின் நிலப்பகுதியான செபராங் பிறையிலும் கரும்புத் தோட்டம்தான், ஒப்பந்தக் கூலிகள்தான். பால்மரம் எல்லாம் பின்னால் வந்தது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர் பினாங்கில் இறங்கினார், அங்கிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளிக் காரைக்காலில் ஏறியவர் ரீயூனியனில் இறங்கினார். இருவரும் கொண்டுபோனது மாரியம்மன், மதுரை வீரன், முனீஸ்வரன், பேச்சாயி, திரௌபதி. பெரிய கோபுரத்துச் சாமிகள் யாரும் அந்தக் கப்பல்களில் முதலில் ஏறவில்லை.

இனி பிரெஞ்சுக்காரன் செய்தது. 1889-இல் ஒரு குடியுரிமைச் சட்டம் வந்தது, பிரெஞ்சு மண்ணில் பிறந்த வெளிநாட்டவரின் பிள்ளைகளைப் பிரெஞ்சுக் குடிமக்களாக்க வழி திறந்தது. கேட்க நன்றாக இருக்கிறது, நன்றாகவும்தான் இருந்தது. மலாயாவில் நம் பாட்டன்மார் 1957 வரையும் அதற்குப் பிறகும் குடியுரிமைக்காகப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தபோது, ரீயூனியன் கூலியின் பேரன் ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். ஆனால் குடிமகன் என்றால் பிரெஞ்சுக் குடிமகன், அவ்வளவுதான், "இந்தியப் பிரெஞ்சுக்காரன்" என்ற பெட்டி அங்கே கிடையாது. பிள்ளை பிறந்தால் பேரையும் அந்தக் கணக்கில்தான் வைக்க வேண்டும். 1803-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் பெயர் கிறிஸ்தவப் புனிதர் நாட்காட்டியில் இருக்க வேண்டும் அல்லது பழைய வரலாற்றில் அறியப்பட்ட பெயராக இருக்க வேண்டும். 1966-இல் கொஞ்சம் தளர்த்தினார்கள், பெற்றோர் விருப்பப்படி பெயர் வைக்கும் உரிமை முழுதாக வந்தது 1993-இல்தான். அதனால் எழுபது வயது ரீயூனியன் இந்து ஒருவருக்குப் பிரெஞ்சு முதல் பெயர் இருப்பதை வைத்து அவர் மதத்தைத் தீர்மானிப்பது வீண் வேலை. அவர் அப்பா பதிவு அலுவலகத்தில் முருகன் என்று சொல்லியிருந்தால் எழுத மாட்டேன் என்று சொல்லியிருப்பார்கள்.

குடும்பப் பெயரோ நேர் எதிர். கப்பலில் வந்த பாட்டன் பெயரை அப்படியே உறைய வைத்துக் குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். நமக்கு 'அ/லெ', 'அ/பெ' (மலாயில் 'மகன்', 'மகள்' என்பதன் சுருக்கம்) போட்டு அப்பா பெயர் வருகிறது, அதனால் தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறிக்கொண்டே போகிறது, என் தாத்தாவுக்கு அப்பா பெயரைக் கேட்டால் நானே விழிப்பேன். அங்கே ஐந்தாவது தலைமுறையும் அதே ராமசாமி, அதே வெங்கடசாமி, பிரெஞ்சு உச்சரிப்பில் கொஞ்சம் நசுங்கி. செயிண்ட் ஆந்த்ரே மேயராகப் பல காலம் இருந்து பாரீஸ் செனட் வரை போன ஜான்-போல் விராபூலே என்பவரின் குடும்பப் பெயரைச் சத்தமாக இரண்டு தரம் சொல்லிப் பாருங்கள், வீரப்பிள்ளை வந்து நிற்பார்.

தேவாலய விஷயம் இதைவிடச் சிக்கல். பத்தொன்பதாம் நூற்றாண்டு ரீயூனியனில் கத்தோலிக்கத் திருச்சபைதான் சமூகம். பள்ளிக்கூடம், மரியாதை, சுடுகாடு வரை அதன் வழியாகத்தான். ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைக்கு வாசல்கள் திறப்பது கஷ்டம். எனவே ஞானஸ்நானம் வாங்கினார்கள், ஞாயிறு பூசைக்குப் போனார்கள், வெள்ளிக்கிழமை தோட்டத்துக் கோயிலில் கற்பூரம் கொளுத்தினார்கள். முதலில் இது பிழைப்புக்காக நடந்திருக்கலாம். நூறு வருடம் அதே மாதிரி நடந்த பிறகு அதை நடிப்பு என்று சொல்ல முடியாது, ஒரே வீட்டில் மாதாவும் மாரியும் பக்கத்துப் பக்கத்து மாடத்தில் இருப்பது அங்கே சாதாரணம். நம் ஊரிலும் புக்கிட் மெர்தாஜாம் செயிண்ட் ஆன் தேவாலயத் திருவிழாவுக்கு இந்துக்கள் மெழுகுவர்த்தி ஏற்றப் போகிறார்கள், யாரும் அவர்களைப் பார்த்து நீ எந்த மதம் என்று கேட்பதில்லை. கேட்கத் தேவையில்லை, ஐசியில், அதாவது அடையாள அட்டையில், பதிவாகியிருக்கிறது.

தீவு முழுக்க சாலையோரம் சிவப்பு வண்ணம் அடித்த சின்னச் சின்ன மாடங்கள் இருக்கும். அவை செயிண்ட் எக்ஸ்பெதீ என்ற புனிதருக்கானவை. தலைநகர் செயிண்ட் தெனியில் உள்ள ஒரு தேவாலயத்தில் 1930-களின் தொடக்கத்தில் அவர் சிலை வைக்கப்பட்டது, பிறகு திருச்சபையின் கையை மீறித் தீவு முழுக்கப் பரவிவிட்டார். கலப்பின மக்களான கிரியோல், கத்தோலிக்கர், இந்து எல்லாரும் நேர்த்திக்கடன் வைக்கிறார்கள், பலித்தால் மலர், பலிக்காவிட்டால் சிலையின் தலையையே வெட்டிவிடுவதும் உண்டு. சிவப்புத் துணி, எல்லையோரம், உடனடி வேலை, கோபம் வந்தால் பயம். தோட்டத்து முனியாண்டியைத் தெரிந்தவர்களுக்கு இந்த ஆளை அடையாளம் கண்டுகொள்ள அதிக நேரம் ஆகாது.

கோயிலுக்குள் வருவோம், இங்கேதான் எனக்கு ஆச்சரியம் அதிகம். மொழி போய்விட்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் வீட்டில் தமிழ் பேசுவது ஏறக்குறைய நின்று, பிரெஞ்சிலிருந்து உருவான கிரியோல் மொழி வந்துவிட்டது. ஆனால் பூசாரி தமிழில் பாடுகிறார். பொருள் முழுதாகத் தெரியாமல், தாத்தா பாடிய ராகத்தில், லத்தீன் எழுத்தில் எழுதி வைத்த நோட்டைப் பார்த்து. தெருக்கூத்து கூடப் பிழைத்திருக்கிறது. மகாபாரதக் கதையை இரவு முழுக்க ஆடும் கூத்து, ஆட்டக்காரர்களை வழிநடத்துகிறவருக்கு இன்றும் வாத்தியார் என்றுதான் பேர், கொஞ்சம் உருமாறிய ஒலியோடு. திரௌபதி அம்மனை அங்கே பாஞ்சாலி என்றே அழைக்கிறார்கள், அதுவும் பிரெஞ்சு நாக்கில் 'பந்தியாலே' ஆகியிருக்கிறது. பாரதப் போர் நடந்த பதினெட்டு நாளை நினைத்துப் பதினெட்டு நாள் விரதம், முடிவில் தீமிதி. பல ஊர்களில் கரும்பு வெட்டு முடிந்து ஆலை ஓய்கிற டிசம்பர், ஜனவரி வாக்கில் இது நடக்கும். விரதம் இருந்து இறங்குகிறவர்களில் இந்திய வம்சாவளி அல்லாதவர்களும் உண்டு.

திரௌபதி வழிபாடு தமிழ்நாட்டில் எங்கே அதிகம்? செஞ்சி, விழுப்புரம், கடலூர், பாண்டிச்சேரி வட்டாரம். ரீயூனியனுக்குக் கப்பல் ஏறிய கூட்டத்தில் பெரிய பங்கு அந்தப் பக்கத்துக்காரர்கள். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் நமக்கு மாரியம்மன்தான் மையம், குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் 1833-இல் இருந்து நிற்கிறது, கோலாலம்பூர் மகா மாரியம்மன் 1873. அப்புறம் செட்டியார்கள் வந்து முருகனைத் தேரில் ஏற்றினார்கள், இந்தியாவிலிருந்து குருக்கள் வந்தார்கள், நம் கோயில்களில் பணமும் படிப்பும் சீக்கிரமே சேர்ந்தன. ரீயூனியனில் செட்டியார்கள் போன்ற ஒரு பணக்காரத் தமிழ் வணிக வர்க்கம் உருவாகவில்லை. அங்கே வணிகம் குஜராத்தி முஸ்லிம்கள் கையில் இருந்தது, 1905-இல் செயிண்ட் தெனியில் அவர்கள் கட்டிய நூர்-எ-இஸ்லாம் மசூதி பிரான்ஸ் சட்டத்தின் கீழுள்ள மண்ணில் மிகப் பழைய மசூதிகளில் ஒன்று. தமிழர்கள் தோட்டத்திலேயே கிடந்தார்கள், கோயிலும் சர்க்கரை ஆலை வாசலிலேயே கிடந்தது, அதனாலேயே பழைய முறை கலையாமல் நின்றது என்று நினைக்கிறேன்.

பினாங்குக்காரர்களுக்குச் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. சூலியா ஸ்திரீட்டில் நாகூர் தர்கா இருக்கிறதே, நாகூர் ஷாகுல் ஹமீது பெயரில், பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கட்டியது. கடல் பயணத்தில் காப்பவர் என்று மதம் பார்க்காமல் வேண்டிக்கொண்ட நாகூர் ஆண்டவர், ரீயூனியனில் இந்துக் கோயில் வளாகத்துக்குள்ளேயே கொடிமரமாக நிற்கிறார், நாகூர் பெயர் சிதைந்து 'நர்குலான்' ஆகிவிட்டது. இங்கே அதே வழிபாடு தனிக் கட்டடமாக, முஸ்லிம் அறக்கட்டளையின் பொறுப்பில், முஸ்லிம் வழிபாட்டிடமாகப் பதிவாகியிருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சி இந்து, முகமதியர் என்று அறக்கட்டளைகளைப் பிரித்துத் தொகுத்து நிர்வகித்தது, நம் பினாங்கு இந்து அறப்பணி வாரியம் பிறந்ததும் 1906-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான். பிரெஞ்சு மண்ணில் அப்படிப் பிரித்து வைக்க அரசுக்கு அவசியம் இல்லை, அதனால் ஆண்டவர் சாமிகளோடே இருந்துவிட்டார்.

எண்ணிக்கைக்கு வருகிறேன் என்றேனே. மலேசியாவில் 2020 கணக்கெடுப்புப்படி இந்துக்கள் 6.1 விழுக்காடு. தசமப்புள்ளி வரை சொல்லலாம். பிரான்ஸ் கணக்கெடுப்பில் மதத்தைக் கேட்டது கடைசியாக 1872-இல். 1978-இல் வந்த தகவல் பாதுகாப்புச் சட்டம் இனம், மதம் போன்றவற்றைப் பதிவு செய்வதைப் பொதுவாகத் தடை செய்கிறது. ரீயூனியனில் எத்தனை இந்துக்கள் என்று கேட்டால் அரசாங்கமே பதில் சொல்ல முடியாது. தீவின் கால்வாசிப் பேர் இந்திய வம்சாவளி என்று பொதுவாகச் சொல்கிறார்கள், அதில் யார் இந்து, யார் கத்தோலிக்கர், யார் இரண்டும் என்று பிரிக்க எந்த ஆவணமும் கிடையாது. 'இரண்டும்' என்பது நம் பாரத்தில் இல்லாத கட்டம். இங்கே மதம் மாறினால், மாறியதாக யாராவது பதிந்துவிட்டால், கல்யாணம், பிள்ளை, அடக்கம் என்று எல்லாமே கோர்ட்டுக்குப் போகும் என்பதை நாம் பார்த்திருக்கிறோம். அதனால் இந்து என்ற அடையாளம் நமக்குப் பாதுகாக்க வேண்டிய பத்திரம் மாதிரி. அவர்களுக்கு அது பத்திரத்தில் இல்லை, விரதத்தில் இருக்கிறது. தீ மிதிக்கப் பதினெட்டு நாள் இருந்தாயா, இருந்தாய் என்றால் சரி.

1970-களுக்குப் பிறகு மாற்றம் வந்தது. படித்த தலைமுறை ஒன்று உருவாகி, தமிழ்நாட்டுக்குப் போய் வந்து, "நாம் செய்வது சரியான முறையா?" என்று கேட்க ஆரம்பித்தது. வெளியிலிருந்து குருக்கள் வந்தார்கள், தகரக்கூரைக் கோயில்கள் கோபுரத்தோடு எழுந்தன, தமிழ் வகுப்புகள் தொடங்கின, ஆட்டுக்கிடா, சேவல் பலி கூடாது என்றார்கள். தீபாவளிக்குச் செயிண்ட் ஆந்த்ரே நகரமே விளக்கு போட்டு ஊர்வலம் விட ஆரம்பித்தது, பழைய தோட்டக்காலத்தில் தீபாவளி அவ்வளவு பெரிய பண்டிகையாக இருந்ததில்லை. பிரெஞ்சுக்காரர்கள் தென்னிந்தியர் எல்லாரையும் ஒட்டுமொத்தமாக 'மலபார்' என்றார்கள், அதுவே 'மல்பார்' ஆகி, ஒரு காலத்தில் கேவலமாகவும் ஒலித்தது. சீர்திருத்தம் பேசியவர்கள் தங்களைத் தமிழர், இந்து என்று சொல்லிக்கொள்ள விரும்பினார்கள். பழைய முறையில் நிற்பவர்கள் நான் மல்பார், என் காளிக்குக் கிடா வெட்டுவேன் என்றார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு பக்கம் தம்பி ஒரு பக்கம்.

எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்கிறதா? நம் தோட்டத்து முனீஸ்வரனுக்கும் இதே கதிதான். சுருட்டும் சாராயமும் படைத்த சாமிக்குப் பூணூல் போட்டு, பக்கத்தில் விநாயகரை வைத்து, கும்பாபிஷேகம் செய்து, பெயருக்கு முன்னால் ஸ்ரீ சேர்த்து நிமிர்த்திவிட்டோம். நிலப்பட்டா இல்லாத தோட்டக் கோயில் என்றால் உடைக்க வருவார்கள், பெரிய கோயில் என்றால் யோசிப்பார்கள் என்ற பயமும் அதில் உண்டு, வெறும் பெருமை மட்டும் காரணம் இல்லை. ரீயூனியனில் அந்தப் பயம் குறைவு. அங்கே கோயில்கள் பெரும்பாலும் 1901-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் கீழ் பதிந்து, சங்கங்களாகவே நடக்கின்றன, பலவற்றுக்கு நிலம் பழைய தோட்ட முதலாளி விட்டது, இன்னும் பல குடும்பத்தின் சொந்தக் கொல்லையில். எனவே பலியை நிறுத்தாத கோயிலும் நிறுத்திய கோயிலும் ஒரே ஊரில் இருக்க முடிகிறது. எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது, பலி எனக்குப் பிடிக்காவிட்டாலும்.

ஆனால் பிரெஞ்சு முறையை ஒரேயடியாகப் புகழவும் முடியாது. அரசு மதம் பார்க்காது என்று 1905 சட்டம் சொல்கிறது, ஆனால் பொது விடுமுறைப் பட்டியலைப் பார்த்தால் கிறிஸ்துமஸ், மாதா விண்ணேற்பு, சகல புனிதர் நாள் என்று கத்தோலிக்கக் காலண்டர்தான். ரீயூனியனுக்குக் கூடுதலாக டிசம்பர் 20, அடிமை ஒழிப்பு நாள். தீபாவளிக்கு லீவு கிடையாது, தைப்பூசத்துக்கும் கிடையாது. 2015-இல் தீவின் நாடாளுமன்ற உறுப்பினர் எரிக்கா பாரெய்ட்ஸ், கடல்கடந்த மாவட்டங்கள் சில கத்தோலிக்க விடுமுறைகளுக்குப் பதிலாக உள்ளூர்ப் பண்டிகைகளை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தபோது பெரிய ரகளையே ஆகிவிட்டது. பினாங்கில் தைப்பூசத்துக்கு மாநில விடுமுறை, கோலாலம்பூரில் 2008-இலிருந்து. இந்த விஷயத்தில் பெட்டிக்குள் இருப்பதற்கும் ஒரு லாபம் இருக்கிறது: எண்ணிக்கை இருந்தால் கேட்டு வாங்கலாம்.

கரீபியனில் பிரான்ஸுக்கு இதே மாதிரி இரண்டு தீவுகள் உண்டு, குவாதலூப், மார்த்தினிக். 1854 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஒரேலி என்ற கப்பல் குவாதலூப்பில் முதல் இந்தியக் கூட்டத்தை இறக்கியது. அங்கே குடியுரிமை அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை. ஆன்ரி சிதம்பரம் என்பவர், கூலியாக வந்தவர்களின் பிள்ளை, இந்தியர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று 1904-இல் வழக்கைத் தொடங்கி 1923-இல் ஜெயித்தார். மாரியம்மன் அங்கே 'மல்யெமின்' ஆகிவிட்டாள். ரீயூனியனைவிடக் கூட்டம் சிறியது, இந்தியாவிலிருந்து தூரமும் அதிகம், தமிழ்நாட்டுக் குருக்கள் எளிதில் எட்டாத இடம், ஆகவே கலப்பும் அதிகம்.

ரீயூனியனில் இப்போது வேர் தேடும் வேலை மும்முரமாக நடக்கிறது. கூலியாக வந்த ஒவ்வொருவருக்கும் நிர்வாகம் ஒரு எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றியது, அந்தப் பதிவேடுகள் தீவின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. குடும்பப் பெயரும் மாறாமல் இருப்பதால் பேரனுக்குப் பேரன் போய்ப் பாட்டனின் கப்பலைத் தேடிப் பார்க்க முடிகிறது, அதிர்ஷ்டம் இருந்தால் ஊரையும். தமிழ் தெரியாத ஒருவர் பிரெஞ்சுக் காகிதம் ஒன்றை எடுத்துக்கொண்டு கடலூர்ப் பக்கம் கிராமம் தேடி அலையும் நிலைமை இது. கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்த்தவர்) கூட்டி வந்த கணக்கில் பினாங்கில் இறங்கிய என் குடும்பத்துக்கு அந்த வசதி இல்லை. எங்களிடம் இருப்பது நான்கு தலைமுறைக்கு முந்தின ஒரு ஊர்ப்பெயர், அதுவும் அத்தை சொன்னது. அந்தப் பெயரில் தஞ்சாவூரில் ஒன்று, திருவண்ணாமலையில் ஒன்று, விழுப்புரம் பக்கம் இரண்டு என்று ஊர்கள் இருக்கின்றன.